இரட்டை உட்கரு நுண்செயலிகளின் தலைமுறைகள்: ஓசூர் – கிருஷ்ணகிரி தொழில் எல்லைப்பகுதிப் பயன்பாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தனியாள் கணினிகளில் இரட்டை உட்கரு நுண்செயலி 2005ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது. உட்கருக்களின் எண்ணிக்கை இரண்டாகவே நிலைபெற, அவற்றின் உள்ளமைப்பு தலைமுறைதோறும் மாறியுள்ளது. பேச்சுவழக்கில் நிலைத்துவிட்ட ‘டூயல் கோர்’ என்னும் பெயர் எண்ணிக்கையை மட்டுமே சுட்டுகிறது, தலைமுறையைச் சுட்டுவதில்லை. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்ற நிலையில், ஒரு கணினி தொடர்ந்து பயன்படுமா என்பதைத் தலைமுறையே முடிவு செய்கிறது. இத்தலைமுறைகளின் வேறுபாடுகளை ஓசூர் – கிருஷ்ணகிரி பகுதியின் பயன்பாட்டுச் சூழலோடு இக்கட்டுரை விளக்குகிறது. தமிழில் அவற்றைப் பிழையின்றிக் குறிப்பதற்கான வழியையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: நுண்செயலி, உட்கரு, தலைமுறை, கலைச்சொல், ஓசூர், விலையில்லா மடிக்கணினி.

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் இரட்டை உட்கரு நுண்செயலிகள் தனியாள் கணினிச் சந்தைக்கு வந்தன. ஆதலின் இம்மாவட்டத்தின் அலுவலகங்களும் கல்வி நிலையங்களும் கணினிமயமான காலமும் இச்செயலிகளின் காலமும் பெரிதும் ஒன்றே எனலாம். ஓசூரின் சிப்காட், சிட்கோ தொழிற்பேட்டைகளில் பெரிய வாகன ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அதற்கப்பால் பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி எனப் பெங்களூரின் தொழிற்பகுதிகள் தொடர்கின்றன.

இப்பகுதியில் நுண்செயலிகள் உற்பத்தி செய்யப்படுவதில்லை. இது அவற்றைப் பயன்படுத்தும் நிலம். கணக்கெழுதுதல், வரைபடம் தயாரித்தல், கணினிவழி இயங்கும் கடைசல் இயந்திரங்களுக்கு நிரல் அனுப்புதல், மாணவர் கல்வி ஆகியவற்றுக்கான கணினிகளைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும் கழிப்பதுமே இங்குள்ளோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் புழங்கும் இவ்வெல்லைப்பகுதியில் தொழில்நுட்பப் பெயர்கள் மொழிபெயர்க்கப்படாமல் ஆங்கில ஒலியிலேயே கைமாறுகின்றன. பெயரின் பொருள் தெளிவாக இருக்க வேண்டிய தேவை இதனால் மேலும் கூடுகிறது.

கலைச்சொல் விளக்கம்

‘புராசசர்’ என்பதற்குச் ‘செயலி’ என்னும் சொல் முன்னரே வழங்கியது. திறன்பேசிகள் பரவிய பின்னர் அச்சொல் ‘ஆப்’ எனப்படும் பயன்பாட்டு மென்பொருளுக்கும் ஆகிவந்துள்ளது. பொருள் மயக்கத்தைத் தவிர்க்கப் பாடநூல் வழக்கான ‘நுண்செயலி’ இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தெளிவான இடங்களில் ‘செயலி’ எனச் சுருக்கியும் வழங்கப்படும். ‘கோர்’ என்பது ஆணைகளைப் பெற்று, பொருள் உணர்ந்து, நிறைவேற்றவல்ல முழுமையான செயற்பகுதி. அது ‘உட்கரு’ எனப்படும். இயங்குதளத்தின் மையப்பகுதியான ‘கெர்னல்’ என்பதற்கும் சிலர் இச்சொல்லை ஆள்கின்றனர். அப்பொருள் இங்கு கொள்ளப்படவில்லை. ஓர் உட்கரு ஒரே வேளையில் ஏற்கும் ஆணைத்தொடர் ‘இழை’ எனப்படும்.

இரண்டு உட்கருக்கள் தேவைப்பட்டமைக்கான காரணம்

2004ஆம் ஆண்டு வரை செயலியின் விரைவைக் கூட்டுவதற்குக் கையாளப்பட்ட முதன்மையான வழி, கடிகார அலைவெண்ணை உயர்த்துவது. இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 செயலி 3.8 ஜிகாஹெர்ட்ஸ் வரை சென்றது. 4 ஜிகாஹெர்ட்ஸ் வகையை வெளியிடும் திட்டத்தை 2004 அக்டோபரில் அந்நிறுவனம் கைவிட்டது. வெப்பமே தடையாயிற்று.

செயலி இயங்கும்போது செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அலைவெண்ணுக்கும் நேர்விகிதத்தில் அமையும். அலைவெண்ணும் மின்னழுத்தமும் தலா 20 விழுக்காடு குறைக்கப்பட்டால் மின்திறன் ஏறத்தாழ பாதியாகும் (0.8 × 0.8 × 0.8 = 0.512). அவ்வாறு குறைக்கப்பட்ட இரண்டு உட்கருக்கள் முந்தைய ஒன்றின் மின்திறனிலேயே இயங்கும், கோட்பாட்டளவில் 1.6 மடங்கு வேலையும் செய்யும். இக்கணக்கே இரட்டை உட்கருவின் அடிப்படை.

வேலையைப் பகுத்துச் செய்ய இயன்றால் மட்டுமே இப்பயன் கிட்டும். ஜீன் ஆம்டால் 1967இல் எடுத்துரைத்த விதி இதனை வரையறுக்கிறது. ஒரு நிரலின் பாதிப் பகுதி மட்டுமே பகுக்கத்தக்கதாயின் இரண்டு உட்கருக்கள் தரும் விரைவு 1.33 மடங்கே, பத்தில் ஒன்பது பகுதி பகுக்கத்தக்கதாயின் 1.82 மடங்கு. ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரம் இரண்டு இருந்தும் அளவு சரிபார்ப்பவர் ஒருவரே எனில், அனுப்பப்படும் உதிரிபாகங்கள் இரட்டிப்பாவதில்லை. இவ்விதியும் அத்தகையதே. எண்ணிக்கை மட்டுமே திறனாகாது என்பது தொடக்கத்திலேயே அறியப்பட்ட உண்மை.

முதல் தலைமுறை: அருகருகே வைக்கப்பட்டவை (2005–2006)

வணிக நோக்கில் வெளிவந்த முதல் இரட்டை உட்கருச் செயலி ஐபிஎம் நிறுவனத்தின் பவர்4 (2001). அது பெருந்திறன் வழங்கிகளுக்கானது. தனியாள் கணினிகளுக்கு 2005 மே மாதத்தில் இன்டெலின் பென்டியம் டி, ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 ஆகிய இரண்டும் வந்தன.

பென்டியம் டி, பென்டியம் 4 வகையின் இரண்டு உட்கருக்களை அருகருகே வைத்த அமைப்பாகும். ஓர் உட்கரு மற்றொன்றுடன் தரவைப் பகிர வேண்டுமாயின் செயலிக்கு வெளியேயுள்ள பொதுப்பாட்டை வழியாகவே செல்ல வேண்டியிருந்தது. இதன் உயர்வகைகளுக்கு வரையறுக்கப்பட்ட வெப்பத்திறன் 130 வாட். அத்லான் 64 எக்ஸ்2 செயலியில் உட்கருக்கள் செயலிக்கு உள்ளேயே இணைக்கப்பட்டிருந்தன. நினைவகக் கட்டுப்படுத்தியும் உள்ளேயே அமைந்திருந்தது. ஒரே ஆண்டில் ஒரே எண்ணிக்கையுடன் வந்த இரண்டும் அமைப்பால் வேறுபட்டன.

இரண்டாம் தலைமுறை: பகிர்ந்துகொண்டவை (2006–2009)

2006 சனவரியில் மடிக்கணினிகளுக்காக வெளிவந்த கோர் டியோ செயலியில் இரண்டு உட்கருக்களும் 2 மெகாபைட் கேஷ் நினைவகத்தைப் பொதுவாகக் கொண்டன. ஓர் உட்கரு ஓய்வில் இருக்கும்போது மற்றொன்று அந்நினைவகம் முழுவதையும் பயன்படுத்த இயன்றது. மின்திறனும் 31 வாட் அளவுக்குக் குறைந்தது. அதே ஆண்டு சூலையில் வெளிவந்த கோர் 2 டியோ புதிய கட்டமைப்பைக் கொண்டது. 65 நானோமீட்டர் நுட்பத்தில் 29.1 கோடி டிரான்சிஸ்டர்களுடன் மேசைக்கணினிகளில் 65 வாட் அளவில் இயங்கியது. 2008இல் வந்த 45 நானோமீட்டர் வகையில் டிரான்சிஸ்டர்கள் 41 கோடியாயின. கேஷ் நினைவகம் 6 மெகாபைட் வரை உயர்ந்தது.

கோர் டியோ, கோர் 2 டியோ என்னும் பெயர்களுக்கிடையே உள்ள வேறுபாடு ஓர் எண் மட்டுமே. முன்னது 32 பிட், பின்னது 64 பிட் என்பதே அவ்வெண் உணர்த்தாது விடும் செய்தி. உபுண்டு, டெபியன் போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் வட்டுகளைப் படிப்படியாகக் கைவிட்டுவிட்டன. டெபியன் 13 (2025) அவற்றுக்கு நிறுவி வழங்கவில்லை. ஆகவே சில மாத இடைவெளியில் வாங்கப்பட்ட இரண்டு கணினிகளுள் ஒன்று இன்றைய இயங்குதளத்தை ஏற்கும், மற்றொன்று ஏற்காது.

இத்தலைமுறைக்கும் எல்லைக்கு அப்பாலுள்ள பெங்களூருக்கும் நேர்த் தொடர்பு உண்டு. இன்டெலின் பெங்களூரு வடிவமைப்பு மையத்தில் உருவான நான்கு உட்கருச் செயலித் திட்டம் அந்நகரின் கிழக்குப் புறநகரான ஒயிட்ஃபீல்டின் பெயரைத் தாங்கியது. 2005இல் அது கைவிடப்பட்டது. பின்னர் அம்மையத்திலேயே வடிவமைக்கப்பட்ட ‘டன்னிங்டன்’ என்னும் ஆறு உட்கருச் செயலி 2008 செப்டம்பரில் வழங்கிகளுக்காக வெளியானது. தலா 3 மெகாபைட் கேஷ் நினைவகத்தைப் பகிரும் மூன்று உட்கரு இணைகளும், அவை அனைத்துக்கும் பொதுவான 16 மெகாபைட் கேஷ் நினைவகமும் கொண்டது அதன் அமைப்பு. இரட்டை உட்கரு இணை, பெரிய செயலிகளைக் கட்டும் அலகாகவும் பயன்பட்டது என்பதற்கு இது சான்று.

மூன்றாம் தலைமுறை: உள்ளடக்கியவை (2010–2012)

2010 சனவரியில் வந்த கோர் ஐ3, ஐ5 வகைகளில் இரட்டை உட்கருக்களும் வரைகலைப் பகுதியும் ஒரே உறைக்குள் இரு வேறு சில்லுகளாக அமைந்தன. ஒவ்வோர் உட்கருவும் இரண்டு இழைகளை ஏற்றதால், இயங்குதளத்தின் பார்வையில் அவை நான்காகத் தோன்றின. 2011இல் வந்த ‘சேண்டி பிரிட்ஜ்’ கட்டமைப்பில் அனைத்தும் ஒரே சில்லாயின. இதனையே இன்டெல் ‘2ஆம் தலைமுறை கோர்’ என விளம்பரப்படுத்தியது. வணிக வழக்கில் தலைமுறைக்கு எண்ணிடும் முறை இவ்வாறு பரவியது. இக்கட்டுரையில் கூறப்படும் தலைமுறைப் பகுப்பு உள்ளமைப்பைப் பொறுத்தது. நிறுவனத்தின் எண் வேறு. 2011இல் ஏஎம்டி வெளியிட்ட இ-350 செயலி, இரண்டு உட்கருக்களையும் வரைகலைப் பகுதியையும் 18 வாட் அளவுக்குள் அடக்கியது.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. தொடக்கக்காலத் தொழில்நுட்ப வரையறையில் இரட்டை உட்கருச் செயலியும் 2 ஜிகாபைட் நினைவகமும் 320 ஜிகாபைட் வன்தட்டும் இடம்பெற்றன. விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அரசு, அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளிகளும், பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனங்களும் இத்திட்டத்தின் வரம்புக்குள் அமைந்தன. பல குடும்பங்களுக்கு அதுவே வீட்டுக்கு வந்த முதல் கணினி. ஆகவே இரட்டை உட்கருச் செயலி தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றிலும் இடம்பெறும் ஒரு பொருளாகிறது.

நான்காம் தலைமுறை: செம்மையுற்றவையும் வழக்குக்குள்ளானவையும் (2012–2017)

22 நானோமீட்டர் நுட்பம் 2012இலும் 14 நானோமீட்டர் நுட்பம் 2014இலும் இன்டெல் கணினிச் செயலிகளில் நடைமுறைக்கு வந்தன. இக்காலத்தில் எண்ணிக்கை மாறாமல் மின்சிக்கனமும் வரைகலைத் திறனும் கூடின. மடிக்கணினிகளில் ஐ3, ஐ5, ஐ7 என மூன்று பெயர்களிலும் இரட்டை உட்கருச் செயலிகள் விற்பனையாயின. 2016இல் வந்த ஐ7-7500யு இதற்கு எடுத்துக்காட்டு. ஐ7 என்பதில் உள்ள ஏழு உட்கருக்களைக் குறிப்பதாக எண்ணுவோர் இன்றும் உளர். அது தரவரிசைக்கான குறியீடே.

உட்கரு என்பது எது என்னும் வினா இத்தலைமுறையில் நீதிமன்றம் வரை சென்றது. ஏஎம்டியின் ‘புல்டோசர்’ கட்டமைப்பில் (2011) முழுவெண் கணக்கீட்டுப் பகுதிகள் இரண்டும் ஒரே மிதவைப்புள்ளிப் பகுதியைப் பகிர்ந்தன. நிறுவனம் அதனை இரண்டு உட்கருக்களாக எண்ணியது. அவ்வாறு எண்ணுவது தவறு என வாங்குநர் சிலர் 2015இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். 2019இல் 1.21 கோடி டாலர் உடன்பாட்டுடன் அவ்வழக்கு முடிந்தது. எவற்றைப் பகிரலாம், எவற்றைப் பகிராதிருந்தால் ஓர் உறுப்பு ‘ஒன்று’ எனப்படும் என்பதற்கு முடிந்த முடிவான வரையறை இல்லை என்பதை இவ்வழக்கு வெளிப்படுத்தியது.

ஐந்தாம் தலைமுறை: தரவரிசையில் இறங்கியவை (2017 முதல்)

2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் எட்டு உட்கருக்களுடன் வந்தது. அவ்வாண்டு இறுதிக்குள் இன்டெலின் மேசைக்கணினி ஐ3 நான்கு உட்கருக்கள் கொண்டதாயிற்று. இரட்டை உட்கரு, செலரான், பென்டியம் ஆகிய குறைந்த விலை வகைகளிலும் சில மடிக்கணினிகளிலும் எஞ்சியது. 2022இல் வந்த செலரான் ஜி6900 செயலியும் இரண்டு உட்கருக்கள் கொண்டதே. 2005இல் மேல்தட்டுக் கணினியின் அடையாளமாக இருந்த எண், பதினைந்து ஆண்டுகளுக்குள் தொடக்கநிலைக் கணினியின் அடையாளமாயிற்று.

‘டூயல் கோர்’ என்னும் பெயரின் இலக்கணம்

இரண்டு உட்கரு உடைமையால் வந்த ‘டூயல் கோர்’, காரணப் பொதுப்பெயர். 2007இல் இன்டெல் ‘பென்டியம் டூயல் கோர்’ என ஒரு வணிகப் பெயரை அறிமுகம் செய்தது. இதன்பின் கடைவழக்கில் ‘டூயல் கோர்’ என்றால் அக்குறிப்பிட்ட வகை என்றும், ‘கோர் டூ டியோ’ என்றால் அதனின் உயர்ந்த வேறொரு வகை என்றும் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. பொருளளவில் இரண்டுமே இரட்டை உட்கருவாகும்.

தமிழ் இலக்கணிகள் காரண இடுகுறி என வகுக்கும் பெயரோடு இதனை ஒப்பிடலாம். முள்ளுடைய செடிகள் பலவாயினும் ‘முள்ளி’ என்னும் பெயர் ஒரு செடிக்கே உரியதாக வழங்குகிறது. அதுபோல் பலவற்றுக்கும் உரிய காரணத்தை உடைய பெயர் ஒன்றற்கே உரியதாகச் சுருங்கியது. சில ஆண்டுகளில் அவ்வணிகப் பெயர் சந்தையிலிருந்து நீங்கியது. சுருங்கிய பெயர் மீண்டும் பொதுப்பெயராக விரிந்தது. இன்று பழைய கணினி ஒன்றை ‘டூயல் கோர்’ எனக் குறித்தால் அது 2005க்கும் 2022க்கும் இடைப்பட்ட எந்தத் தலைமுறையாகவும் இருக்கலாம். பெங்களூரின் சாதர் பத்ரப்பா சாலை போன்ற சந்தைகளிலிருந்து பழைய கணினிகளை வாங்கும் வாய்ப்புள்ள எல்லைப்பகுதியில் இம்மயக்கம் பொருளிழப்பாக முடியக்கூடும்.

இன்றைய விளைவுகள்

விண்டோஸ் 11 (2021) கோரும் குறைந்த அளவு 1 ஜிகாஹெர்ட்ஸ், இரண்டு உட்கரு, 64 பிட், 4 ஜிகாபைட் நினைவகம், டிபிஎம் 2.0 பாதுகாப்புக் கூறு ஆகியன. எண்ணிக்கையளவில் இரட்டை உட்கரு போதுமானது. ஆயினும் ஏற்கப்பட்ட செயலிகளின் பட்டியல், சில விலக்குகள் நீங்கலாக, இன்டெலின் 8ஆம் தலைமுறையிலிருந்தே தொடங்குகிறது. இதனால் ஒரு முரண் விளைகிறது. இரண்டு உட்கருக்களுடன் குறைந்த விலையில் 2018இல் வந்த செலரான் ஜி4900 பட்டியலில் உள்ளது. அதே இரண்டு உட்கருக்களுடன் உயர்ந்த விலையில் 2016இல் வந்த ஐ7-7500யு பட்டியலில் இல்லை. மேலும் விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு, எஸ்எஸ்இ 4.2 ஆணைத்தொகுதி இல்லாத செயலிகளில் தொடங்குவதேயில்லை. கோர் 2 டியோ வகைகள் இவ்வாறு முற்றிலும் விலக்கப்படுகின்றன. விலையில்லா மடிக்கணினிகளுள் மிகப்பல இப்பட்டியலுக்கு முந்தைய செயலிகளைக் கொண்டவை.

இதன் பொருள் அவை குப்பையாயின என்பதன்று. 64 பிட் இரட்டை உட்கருக் கணினிகள் கட்டற்ற லினக்ஸ் இயங்குதளங்களை இன்றும் ஏற்கின்றன. 4 ஜிகாபைட் நினைவகமும் திடநிலை வட்டும் பொருத்தினால் ஒருங்குறியில் தமிழ்த் தட்டச்சு, மின்னூல் வாசிப்பு, நிரலாக்கப் பயிற்சி ஆகியவற்றுக்குப் போதும். பட்டறைகளில் கடைசல் இயந்திரத்துக்குத் தொடர்வழி முனையம் மூலம் நிரல் அனுப்பும் பழைய கணினி, இணையத்தோடு இணைக்கப்படாதவரை தன் வேலையைத் தொடரலாம். அத்தகைய முனையம் புதிய கணினிகளில் அருகிவிட்டதால் பழையதற்கு மதிப்பும் உண்டு. இணையவழி வரித்தாக்கல், வங்கிப் பணி ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு மேம்பாடு நின்றுபோன இயங்குதளத்துடன் அதே கணினியைப் பயன்படுத்துவது தீங்கு தரும். எதனை எதற்கு வைத்துக்கொள்வது, எதனை முறைப்படி மின்கழிவாக ஒப்படைப்பது என்னும் முடிவுக்குத் தலைமுறை அறிவே முதல் தேவை.

இதற்கு ஏற்ற எளிய வழி, பள்ளி, பட்டறை இருப்புப் பதிவேடுகளில் ‘டூயல் கோர்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்கு மாறாக நான்கு கூறுகளை எழுதுவதாகும்: உட்கரு, இழை, தலைமுறை, பிட். சான்றாக ஐ7-7500யு செயலியை ‘2 உட்கரு, 4 இழை, இன்டெல் 7ஆம் தலைமுறை, 64 பிட்’ எனக் குறிக்கலாம். தலைமுறை எண் இல்லாத பழைய வகைகளுக்கு வெளியான ஆண்டை எழுதலாம். தமிழில் எழுதத்தக்க இக்குறிப்பு வணிகப் பெயரின் மயக்கத்தை நீக்கும்.

முடிவுரை

இரட்டை உட்கரு நுண்செயலி அருகமைதல், பகிர்தல், உள்ளடக்கல், செம்மையுறல், தரவரிசையில் இறங்கல் என ஐந்து நிலைகளைக் கடந்துள்ளது. இவ்வைந்திலும் மாறாதது இரண்டு என்னும் எண் மட்டுமே; அவ்வெண்ணையே பெயர் ஏந்தி நிற்பதால் மாறியவை அனைத்தும் பெயருக்குள் மறைகின்றன. ‘டூயல் கோர்’ என்னும் பெயரின் பொருள் வரலாறு, வணிகப் பெயர் பொதுவழக்கைச் சுருக்கியும் விரித்தும் மாற்றவல்லது என்பதைக் காட்டுகிறது. கலைச்சொல்லாக்கம் சொல்லுக்குச் சொல் வைப்பதோடு நில்லாமல், பயன்படுத்துவோர் முடிவெடுக்கத் தேவையான வேறுபாட்டையும் சொல்லில் அமைக்க வேண்டும். ஓசூர் – கிருஷ்ணகிரி போன்ற பன்மொழித் தொழிற்பகுதிகளின் கடைவழக்கையும் பட்டறை வழக்கையும் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து நிகழ்த்தத்தக்க ஆய்வாகும்.